வால்ட் டிஸ்னி: தனிமையும் தோழமையும்

மாந்தர் பலர் கூடிக் களிக்கும் இடங்களில் தனியே திரிவாரும் உளர். ஒருநாள் முழுதும் எவரோடும் உரையாடாது ஒரு பூங்காவில் உலாவி, பிறர் மகிழ்வதைக் கண்டு தாமும் மகிழ்ந்து மீளுதல் ஒருவகை இன்பம். நெடுநாள் பிரிந்த நண்பரை அவ்விடத்தே எதிர்ப்பட்டு, அவரோடு ஒரு பலகையில் அமர்ந்து, விட்ட கதையைத் தொட்டுப் பேசி மகிழ்தல் மற்றொருவகை இன்பம். இவ்விரண்டும் ஒன்றற்கொன்று பகையானவை என்றே பலரும் எண்ணுவர். தனிமையை விரும்புவோன் தோழமைக்கு ஆகான் என்றும், தோழமையை நாடுவோன் தனித்திருக்க அறியான் என்றும் கூறுவர். அவ்வெண்ணம் முற்றும் பொருந்துவதன்று என்பதை நாம் ஒருவருடைய சரிதத்தைக் கொண்டு காட்டப் புகுகின்றோம். உலகெங்குமுள்ள குழந்தைகள் அறிந்த பெயருடையவர் அவர். கேளிக்கைப் பூங்கா என்பதற்குப் புதியதோர் உருவமளித்த வால்ட் டிஸ்னி என்பவரே அவர்.

வால்ட் டிஸ்னி 1901-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 5-ஆம் நாள் ஐக்கிய அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரில் பிறந்தார். தந்தையார் எலியாஸ், தாயார் புளோரா. மைந்தர் நால்வருள் இவரே இளையவர். இவருக்குப் பின் ரூத் என்னும் தங்கை பிறந்தாள். 1893-ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் நடந்த உலகப் பெருங்காட்சியின் கட்டடங்களில் எலியாஸ் தச்சராக உழைத்தவர். உலகத்தையே ஓரிடத்தில் கூட்டிக் காட்டிய அக்காட்சிக்கு உளி பிடித்தவருடைய மகனே பிற்காலத்தில் ஒரு சிற்றுலகத்தைக் கட்டினார் என்பது கருதத்தக்கது.

1906-ஆம் ஆண்டில் இக்குடும்பம் மிசௌரி மாகாணத்து மார்சலீன் என்னும் சிற்றூரிற் சென்று குடியேறியது. அங்கே ஒரு பண்ணையும், பழமரங்களும், ஊரூடு செல்லும் இருப்புப்பாதையும் இருந்தன. புகைவண்டியின் ஊதொலி சிறுவருடைய செவியில் அன்று புகுந்தது, சாகுமட்டும் நீங்கவில்லை. ஆயின் அவ்வின்ப வாழ்வு சில ஆண்டுகளே நிலைத்தது. தந்தையார் நோயுற்றுப் பண்ணையை விற்றுக் கான்சாஸ் நகருக்குப் பெயர்ந்து, செய்தித்தாள் வினியோகிக்கும் உரிமையை விலைக்கு வாங்கினார். பத்துப் பிராயத்தினரான வால்ட், விடியுமுன் எழுந்து, பனிக்காலத்தில் முழங்காலளவு பனியில் நடந்து, வீடுதோறும் தாள் இட்டுவந்தார். அவ்வுழைப்புக்குத் தந்தையார் கூலி தந்தாரல்லர். வகுப்பிலே உறக்கம் இமைகளை அழுத்தும். விளையாட்டுக்குப் பொழுதே இராது.

இந்நிலையில் அவருக்கு இரண்டு துணைகள் வாய்த்தன. ஒன்று, வால்ட் பைபர் என்னும் பள்ளித்தோழன். கண்டிப்பு மிக்க தம் வீட்டினும், பாட்டும் நகையும் நிறைந்த அத்தோழன் வீட்டிலேயே டிஸ்னி பெரும்பொழுது கழித்தார். நாடக மேடையிலும் திரைப்படத்திலும் அவருக்கு விருப்பம் உண்டானது அங்கேதான். மற்றொன்று, வீட்டிற்குச் சேய்மையிலல்லாத ‘எலெக்டிரிக் பார்க்’ என்னும் கேளிக்கைப் பூங்கா. அதன் விளக்கொளியும், இரவில் எழும் வாணவேடிக்கையும், பூங்காவுள் ஓடிய சிறு புகைவண்டியும் அவருள்ளத்தில் ஆழப் பதிந்தன. கேளிக்கையைப் பெரிதும் நுகர்ந்தவரினும் அதற்கு ஏங்கி நின்றவரே அதன் அருமையை நன்கறிவர்.

முதல் உலகப்போரின் இறுதியில், வயதைக் கூட்டிக்காட்டிச் செஞ்சிலுவைச் சங்கத்தில் வண்டியோட்டியாகச் சேர்ந்து பிரான்சு சென்று மீண்ட டிஸ்னி, 1919-ஆம் ஆண்டில் கான்சாஸ் நகரத்துச் சித்திர நிலையமொன்றில் வேலைக்கமர்ந்தார். அங்கே தம்மையொத்த பிராயத்தினரான அப் ஐவர்க்ஸ் என்னும் இளைஞரைக் கண்டார். ஐவர்க்ஸ் பேச்சிற் குறைந்தவர், கைவிரைவிற் சிறந்தவர். டிஸ்னியோ எண்ணத்திலும் சொல்லிலும் வல்லவர். இருவரும் கூடித் தொழில் தொடங்கினர், அது நிலைக்கவில்லை. பின்னர் டிஸ்னி நிறுவிய படநிலையமும் 1923-ஆம் ஆண்டில் கடனில் மூழ்கியது. கையில் சிறுபொருளோடு அவர் ஹாலிவுட்டுக்குப் புகைவண்டி ஏறினார். அங்கே காசநோயினின்று தேறிவந்த தமையனார் ராய் துணைநின்றார். அவ்வாண்டு அக்டோபர் 16-ஆம் நாள் சகோதரர் இருவருடைய ஸ்டூடியோ தோன்றியது. ஐவர்க்ஸும் அழைக்கப்பெற்று வந்து சேர்ந்தார். 1925-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் நாள் டிஸ்னி, தம் ஸ்டூடியோவில் பணிபுரிந்த லில்லியன் அம்மையாரை மணந்தார்.

நண்பர் யார் என்பது கேட்டில்தான் விளங்கும். 1928-ஆம் ஆண்டில், தாம் வளர்த்த ஆஸ்வால்டு என்னும் முயற்சித்திரத்தின் உரிமை பிறர்க்குரியது எனக் கண்டு டிஸ்னி திகைத்தார். அவருடைய ஓவியர் பெரும்பாலோர் எதிரியோடு உடன்படிக்கை செய்துகொண்டனர். ஐவர்க்ஸோ பெயராது நின்றார். அவ்விருவருடைய நட்பிலே தோன்றியதே மிக்கி என்னும் எலி. அவ்வாண்டு நவம்பர் 18-ஆம் நாள் நியூயார்க்கில் மிக்கியின் பேசும் படம் வெளிவந்தது. உலகம் அவ்வெலிக்கு அடிமையாயிற்று.

ஆயினும் 1930-ஆம் ஆண்டில் அந்த ஐவர்க்ஸே பிரிந்துபோனார். பட வியாபாரி ஒருவருடைய தூண்டுதலால் தமக்கெனத் தனி ஸ்டூடியோ அமைக்கச் சென்றார். மிக்கியை வரைந்த கையே அகன்றதாகலின், டிஸ்னிக்கு அது நெஞ்சில் தைத்த முள்ளாயிற்று. பத்தாண்டு கழிந்து, தம் முயற்சி செழிக்காமற்போக, 1940-ஆம் ஆண்டில் ஐவர்க்ஸ் மீண்டு வந்தார். டிஸ்னி அவருக்கு வேலை தந்தார். பழைய நெருக்கம் அப்படியே மீளவில்லை. எனினும் கதவு அடைக்கப்படவில்லை. இதனை நாம் மனத்திற் கொள்வோமாக. பின்னர் இது பயன்படும்.

புகழ் ஏறிய காலத்திலேயே துயரும் ஏறியது. 1937-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் ‘ஸ்னோ ஒயிட்’ என்னும் நெடும்படம் அரங்கேறி வியப்பை விளைத்தது. மறு ஆண்டு நவம்பரில், மைந்தர் தம் பெற்றோர்க்கு அன்போடு வாங்கியளித்த வீட்டின் கணப்படுப்பிலிருந்து கசிந்த நச்சுப்புகையால் தாயார் புளோரா இறந்தார். அத்துயரைப்பற்றி டிஸ்னி பிறரிடம் வாய்திறந்ததே அரிது. 1941-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஸ்டூடியோ ஓவியர்களுள் பலர், ஊதியத்தின் ஏற்றத்தாழ்வையும் சங்கத்தினர் நீக்கப்பட்டதையும் எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். தம்மை மக்களென நினைத்தவர்களே வாயிலில் நின்று தமக்கெதிராக முழங்குவதை அவரால் பொறுக்க இயலவில்லை. அவர்களுடைய முறையீட்டில் நியாயமிருந்தது. அதை அவர் காணவில்லை. 1947-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சட்டமன்றக் குழுவின்முன் சாட்சி கூறியபோது, அவ்வேலைநிறுத்தத்தோடு தொடர்புடைய சிலரைப் பொதுவுடைமைக் கட்சியினர் எனப் பெயர் சுட்டிக் கூறினார். பெரியோர் சரிதம் எழுதுவோர் இத்தகைய மறுவை மறைத்தல் வழக்கம், நாம் மறைத்தோமல்லோம். அவ்வாண்டுகளில் அவர் பலரிடத்தும் ஐயங்கொண்டு, கூட்டத்தின் நடுவே தனியரானார் என்பது வெளிப்படை.

இத்தனிமைக்கு ஒரு புகலிடம் இருந்தது. டயான், ஷாரன் என்னும் பெண்மக்கள் இருவரையும் வார இறுதியில் வெளியே அழைத்துச் செல்வது அவருடைய வழக்கம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கிரிபித் பூங்காவில் ஒரு குடைராட்டினம் உண்டு. குழந்தைகள் குதிரைமேலேறிச் சுழலத் தந்தையார் ஒரு பலகையில் அமர்ந்து, நிலக்கடலையைக் கொறித்துக்கொண்டு பார்த்திருப்பார். அங்ஙனம் தனித்திருந்தபோது அவர் கண் சும்மா இருந்திலது. குதிரைகளின் வர்ணம் உதிர்ந்திருப்பதைக் கண்டார். பிற கேளிக்கைப் பூங்காக்களிலும் குப்பை நிறைந்திருப்பதையும் பணியாளர் கடுகடுப்பதையும் கண்டார். எல்லாவற்றினும் மேலாகத் தம்மைப்போல் பலகைகளில் அமர்ந்திருந்த தாய்தந்தையரைக் கண்டார். குழந்தைகள் ஒருபால் களிக்க, பெரியோர் மற்றொருபால் பொழுது எப்போது போகுமென்று கொட்டாவி விட்டிருந்தனர். இருசாராரும் ஒருங்கே மகிழத்தக்க ஓரிடம் ஏன் இருத்தலாகாது என்னும் வினா அவருள்ளத்தெழுந்தது. டிஸ்னிலாந்து என்னும் பெருமரத்திற்கு அப்பலகையே விதைநிலம் என்று அவரே பிற்காலத்தில் பலமுறை கூறியதுண்டு.

விதை முளைப்பதற்குத் தோழமை என்னும் நீர் வேண்டியிருந்தது. 1948-ஆம் ஆண்டில் டிஸ்னி மனமும் உடலும் சோர்ந்திருந்தார். சிக்காகோ நகரில் அப்போது இருப்புப்பாதைப் பெருங்காட்சி ஒன்று நடந்தது. அதற்குச் செல்லுமாறு அறிந்தோர் தூண்டவே, தம் ஓவியருள் ஒருவராகிய வார்டு கிம்பலைத் துணைக்கழைத்தார். கிம்பல் புகைவண்டிப் பித்தர். தம் வீட்டுப் புறக்கடையிலேயே மெய்யான இன்ஜினொன்றை ஓட்டியவர். முதலாளியும் தொழிலாளியும் என்னும் வேறுபாடு நீங்க, இருவரும் சிறுவர்போல் புகைவண்டியிற் பயணஞ்செய்தனர். காட்சிக்களத்தில் பழங்கால இன்ஜின்களை ஓட்டும் பேறும் அவர்க்குக் கிட்டியது. வழியில் டியர்பார்ன் நகரில் ஹென்றி ஃபோர்டு அமைத்திருந்த பழம்பெருஞ் சிற்றூரையும் கண்டனர். டிஸ்னி தம் இளமைக்கால நினைவுகளையெல்லாம் நண்பரிடம் சொல்லித் தீர்த்தார். ஊர் திரும்பிய சின்னாளில், ஆகஸ்டு 31-ஆம் நாள், ஒரு பூங்காவின் அமைப்பைக் குறித்து விரிவானதோர் குறிப்பை எழுதுவித்தார். நடுவே பசும்புல் திடல், சுற்றிலும் பலகைகள், ஊர்மன்றம், புகைவண்டி நிலையம் எனச் சிற்றூரொன்றின் உருவம் அதில் தோன்றியது. பலகையில் தனித்திருந்து கண்ட குறையும், நண்பரோடு கூடிப் பெற்ற மகிழ்ச்சியும் அக்குறிப்பில் ஒன்றாயின.

பின்னர் அவர் தம் வீட்டைச்சுற்றி ஏறக்குறைய அரை மைல் நீளத்தில் சிறிய இருப்புப்பாதை அமைத்தார். மனைவியாரின் மலர்த்தோட்டம் கெடாதவாறு அதன்கீழ்ச் சுரங்கவழி தோண்டி, இன்ஜினுக்கு அவர் பெயரையே இட்டார். வருகின்ற நண்பரையெல்லாம் அச்சிறு வண்டியிலேற்றித் தாமே ஓட்டி மகிழ்ந்தார். 1951-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டுக் கோபன்ஹேகன் நகரிலுள்ள டிவோலிப் பூங்காவைக் கண்டார். 1843-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அப்பூங்காவின் தூய்மையும், மலர்ப்பாத்திகளும், விளக்கு வரிசையும், முதியோரும் இளையோரும் ஒருங்கே உலாவும் அமைதியும் தாம் எண்ணியது ஆகக்கூடியதே எனும் உறுதியை அவர்க்களித்தன.

எண்ணுதல் எளிது, பொருள் தேடுதல் அரிது. தமையனார் ராய் முதலில் இசையவில்லை. டிஸ்னி ஆயுட் காப்பீட்டின்மேல் கடன் பெற்றார்; விடுமுறை இல்லத்தை விற்றார். 1953-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, ஹெர்பர்ட்டு ரைமன் என்னும் பழைய ஓவிய நண்பரை அழைத்து, திங்களுக்குள் பூங்காவின் முழுத்தோற்றத்தையும் வரைந்து தருமாறு வேண்டினார். தம்மால் இயலாதென்று அஞ்சிய ரைமன், டிஸ்னி உடனிருந்தால் முயல்வதாகக் கூறினார். இரண்டு நாள் இருவரும் ஓரறையிலிருந்தனர். ஒருவர் சொல்ல ஒருவர் வரைந்தார். அப்படத்தை எடுத்துக்கொண்டு ராய் நியூயார்க்குக்குச் சென்றார். ஏ.பி.சி. என்னும் ஒலிபரப்பு நிறுவனம் 5 லட்சம் டாலர் முதலீடு செய்து, 45 லட்சம் டாலர் கடனுக்கும் பிணை நின்றது. அதற்கீடாக டிஸ்னி தொலைக்காட்சியில் வாரந்தோறும் நிகழ்ச்சி நடத்த உடன்பட்டார். கலிபோர்னியா மாகாணத்து அனாஹைம் என்னுமிடத்தில், ஆரஞ்சுத் தோட்டங்கள் நிறைந்த 160 ஏக்கர் நிலம் வாங்கப்பெற்று, 1954-ஆம் ஆண்டு ஜூலையில் வேலை தொடங்கியது. ஓராண்டில் முடிந்த அப்பணிக்கு ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சம் டாலர் செலவாயிற்று.

அப்பூங்காவின் அமைப்பிலே அவருடைய உள்ளம் விளங்கும். நுழைவாயில் ஒன்றே. சுற்றிலும் உயர்ந்த மண்மேடு எழுப்பப்பட்டு, வெளியுலகம் கண்ணுக்கு மறைக்கப்பட்டது. மேட்டின்மேல் புகைவண்டி வலம் வந்தது. வாயிலுள் புகுவோர், மார்சலீன் ஊரின் நினைவாக அமைத்த கடைத்தெருவின் வழியே நடந்து, கோட்டையெதிரிலுள்ள நடுத்திடலை அடைவர். சக்கரத்தின் குடத்தினின்று ஆரங்கள் பிரிவதுபோல் அத்திடலினின்று பல நிலங்களுக்கு வழிகள் பிரியும். இதனால் தனியே வந்தோர் வழிதப்பித் தியங்கார். கூட வந்தோர் பிரிந்துபோயினும் திடலுக்குத் திரும்பி ஒருவரையொருவர் எளிதிற் காண்பர். குடைராட்டினத்தின் குதிரைகளெல்லாம் பாயும் குதிரைகளாகவே இருத்தல் வேண்டுமென்றும் அவர் விரும்பினார். நிற்கும் குதிரை எந்தக் குழந்தைக்கும் வாய்த்து அதன் முகம் வாடலாகாதன்றோ! அமரப் பலகைகளும் பல இடப்பட்டன. பலகையின் அருமை அவருக்கன்றி வேறு யாருக்குத் தெரியும்?

1955-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் நாள், பூங்கா திறப்பதற்கு நான்கு நாள் முன்னர், தம் மணவாழ்வின் 30-ஆம் ஆண்டு நிறைவை அங்கேயே கொண்டாட நண்பர்களை அழைத்தார். மார்க்கு டுவேன் என்னும் ஆற்றுக்கப்பலில் விருந்தினர் உலாவினர். பழைய தோழரும் உறவினரும் கூடிக் குலாவினர். அன்றிரவு வீடு திரும்புகையில், சுருட்டிய பூங்காப் படத்தைக் குழந்தைபோல் ஊதுகொம்பாக ஊதியவர், அதனைக் கையிற் பற்றியபடியே வண்டியில் உறங்கிவிட்டார் என்று மூத்த மகளார் கூறியிருக்கின்றார். ஜூலை 17-ஆம் நாள் திறப்புவிழாவோ பெருங்குழப்பமாயிற்று. போலிச் சீட்டுக்களோடு பலர் புகுந்தனர். ஏறக்குறைய 28,000 பேர் நெருங்கினர். வெயிலில் புதிய தார் இளகி மாதரின் காலணிகள் புதைந்தன. குழாய்த் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் போதவில்லை. பத்திரிகைகள் எள்ளி நகையாடின. டிஸ்னி ஒவ்வொரு குறையையும் குறித்துக்கொண்டு மறுநாளே திருத்தத் தொடங்கினார். ஏழு வாரத்துக்குள் பத்து லட்சம் மக்கள் வந்து சென்றனர்.

இனி நாம் சொல்லவந்த பொருளின் நடுவிடத்தை அடைகின்றோம். பூங்கா தமதான பின்னரும் டிஸ்னி அதில் தனியே திரிவதை விட்டாரல்லர். கடைத்தெருவின் தீயணைப்பு நிலையத்து மாடியில் அவருக்கொரு சிறு இல்லம் இருந்தது. மக்கள் வருமுன் விடியற்காலையிலும், அவர்கள் அகன்ற பின்னிரவிலும் தெருக்களில் தனித்து நடப்பார். பகலிலும், எவரும் அறியாவகையில் எளிய உடையுடுத்தி, மற்றவரோடு வரிசையில் நின்று, படகிலும் வண்டியிலும் ஏறிப் பார்ப்பார். காட்டாற்றுப் படகுச் சவாரி விரைவில் முடிந்துவிட்டதென்று ஒருநாள் கண்டு, வந்தவர்க்குரிய பொழுதைக் குறைத்தல் வஞ்சனையாகுமென்று கருதி, படகோட்டியரை மீண்டும் பயிற்றுவித்தார். அவருடைய தனிமை பிறரை வெறுத்து ஒதுங்கிய தனிமையன்று; பிறருடைய மகிழ்ச்சிக்குக் காவலிருந்த தனிமை.

பழைய நட்பும் அங்கே புதிய பயன் தந்தது. பத்தாண்டு பிரிந்திருந்து மீண்ட ஐவர்க்ஸ், பார்ப்போரைச் சுற்றிலும் வட்டமாகக் காட்சி தோன்றும் படமுறையைப் பூங்காவுக்காக உருவாக்குவதில் ஈடுபட்டார். பின்னரும் பல நுண்கருவிகளை இயற்றித் தந்தார். இளமைத் தோழர் பைபரும் டிஸ்னியின் ஸ்டூடியோவிலேயே நெடுங்காலம் பணிபுரிந்தார். 1956-ஆம் ஆண்டில் டிஸ்னியும் ராயும் மார்சலீனுக்குச் சென்று, அவ்வூரார் டிஸ்னியின் பெயரால் அமைத்த பூங்காவின் திறப்பில் கலந்துகொண்டு, பழைய ஊராரைக் கண்டு அளவளாவி மகிழ்ந்தனர்.

புகைத்தற் பழக்கம் அவருடைய ஆயுளைக் குறைத்தது. புளோரிடா மாகாணத்தில் இன்னும் பெரியதோர் இடத்துக்குத் திட்டமிட்டுக் கொண்டிருக்கையில் நுரையீரலிற் புற்றுநோய் கண்டது. இறப்பதற்கு முந்திய மாலையில், மருத்துவமனைக் கட்டிலிற் கிடந்தவாறே கூரையின் சதுரங்களை நிலப்படமாகக் கொண்டு, தமையனாருக்குப் புதிய பூங்காவின் வழிகளைச் சுட்டிக்காட்டினார் என்பர். 1966-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள், 65-ஆம் பிராயத்தில் உயிர்நீத்தார். ஓய்வுபெற எண்ணியிருந்த ராய், அதனைத் தள்ளிவைத்துப் பணியை ஏற்று, 1971-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் அவ்விடத்தைத் திறந்து, டிஸ்னி என்னும் குடிப்பெயரோடு வால்ட் என்னும் தம்பியின் பெயரும் விளங்கவேண்டுமென்று வற்புறுத்தி இட்டார். அவ்வாண்டு டிசம்பரிலேயே தாமும் மறைந்தார். தீயணைப்பு நிலையத்து மாடிச் சாளரத்தில் டிஸ்னியின் நினைவாக ஒரு விளக்கு ஏற்றி வைக்கும் வழக்கம் ஏற்பட்டது.

நண்பர்களே! இச்சரிதத்தினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? செல்வமும் புகழும் எல்லார்க்கும் வாய்ப்பனவல்ல. ஒருநாள் தனித்திருக்கும் வாய்ப்போ எவர்க்கும் உண்டு. அந்நாளில் நம் குறையையே எண்ணி மாழ்குவோமாயின் தனிமை சிறையாகும். கண்ணைத் திறந்து அயலார்க்கு இல்லாதது யாதெனக் காண்போமாயின் அதுவே பணிக்களமாகும். கிரிபித் பூங்காப் பலகையில் பலர் அமர்ந்திருந்தனர்; அருகிலிருந்தோரின் சலிப்பைத் தம் கவலையாகக் கொண்டவர் ஒருவரே. அவ்வாறே, கண்டதைக் கட்டி முடிக்கத் தனியொருவரால் இயலாது. கிம்பலின் களிப்பும், ரைமனின் கையும், ஐவர்க்ஸின் நுட்பமும், ராயின் பொறுமையும் இன்றேல் அப்பலகையின் கனவு பலகையோடே போயிருக்கும். வேலைநிறுத்தத்தில் பிரிந்தவர் பலரை அவர் மீண்டும் நாடவில்லை. அது அவருக்கும் அவர்க்கும் நேர்ந்த இழப்பே. மீண்டு வந்த ஒருவருக்குக் கதவு திறந்தார். அதன் பயனை உலகம் கண்டது.

கல்லூரி வாழ்வு முடிந்து நாம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையிற் பிரிவோம். கூட்டத்தின் நடுவே தனித்திருக்கும் நாள்கள் நமக்கும் வரும். அந்நாள்களில் கண் திறந்திருப்போமாக. மனத்தாங்கலால் விலகிய தோழர் வரும்போது அமர்வதற்கு நம் பலகையில் சிறிது இடமும் விட்டிருப்போமாக.